உரிமத்தை வாங்கலாம், அறிவை வாங்க முடியுமா?

ஒரு சின்ன கம்பெனி. ஆட்கள் சுமார் 120 பேர். தயாரிப்பது டேப் ரெக்கார்டர். கம்பெனியின் தலைவர் ஒருநாள் அமெரிக்காவில் இருந்து திரும்பி வந்து, உலகிலேயே பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்று கண்டுபிடித்த பொருளை நாமும் செய்யப்போகிறோம் என்கிறார். அதற்கான உரிமத்தின் விலை மட்டும் 25,000 டாலர். செய்முறை? அது உரிமத்தோடு வராது. தாங்களாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்!

இது 1952-ல் ஜப்பானில் நடந்தது. அந்தத் தலைவரின் பெயர் மசாரு இபுகா. கம்பெனியின் பெயர் டோக்கியோ சூஷின் கோக்யோ. சுருக்கமாக டோட்சூகோ. 1958-ல் அது தன் பெயரை மாற்றிக்கொண்டது. மாற்றிய பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும்: சோனி.

சோனி என்றதும் வாக்மேன், டிரினிட்ரான் டிவி, பிளேஸ்டேஷன் எல்லாம் நினைவுக்கு வரும். ஆனால் வணிகவியல் படிப்பவர்களுக்கு அதைவிட முக்கியமான காலம் ஒன்று உண்டு. 1946 முதல் 1957 வரை, சோனி ஒரு சிறுதொழில் நிறுவனமாக இருந்த காலம். வெளியே இருக்கும் அறிவை ஒரு சின்ன நிறுவனம் எப்படித் தனதாக்கிக்கொள்கிறது, அது லாபமாக எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

கொஞ்சம் கோட்பாடு

1990-ல் வெஸ்லி கோஹென், டேனியல் லெவின்தால் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறுவனங்களின் "உள்வாங்கும் திறன்" பற்றியது அது. அவர்கள் சொன்னதன் சாரம் எளிமையானது. வெளியில் இருந்து வரும் புதிய அறிவின் மதிப்பைப் புரிந்துகொள்ளவும், அதை உள்வாங்கவும், வியாபாரத்தில் பயன்படுத்தவும் ஒரு நிறுவனத்துக்குத் திறமை வேண்டும். அந்தத் திறமை திடீரென்று வராது. அதே துறையில் ஏற்கெனவே எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் வரும்.

வங்கிக் கணக்கில் பணம் இருந்தால்தானே வட்டி வரும்? அறிவும் அப்படித்தான். கொஞ்சம் இருப்பவனிடம்தான் மேலும் சேரும்.

2002-ல் ஷேக்கர் ஜாரா, ஜெரார்ட் ஜார்ஜ் என்ற இருவர் இதை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். அறிவைத் தேடிப் பெறுவது, புரிந்துகொள்வது, தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது, பயன்படுத்திப் பலன் காண்பது. பரீட்சைக்கு எழுத இது போதும். நிஜத்தில் ஒவ்வொரு படியிலும் எத்தனை வியர்வை சிந்த வேண்டும் என்பதை டோட்சூகோவின் கதை காட்டுகிறது.

சோற்றுப் பானையில் முதல் பாடம்

1945 அக்டோபர். போரில் தோற்று, குண்டுகளால் சிதைந்து கிடந்தது டோக்கியோ. நிஹோன்பாஷி பகுதியில் சேதமடைந்த ஷிரோகியா டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மூன்றாவது மாடியில் இபுகா ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கினார். பழைய ரேடியோக்களைச் சரிசெய்வதும், சிற்றலை நிலையங்களைக் கேட்க உதவும் கருவியைப் பொருத்தித் தருவதும் வேலை. இதைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, போர்க்காலத்தில் அவருக்கு அறிமுகமான அகியோ மொரீடா வந்து சேர்ந்தார். மொரீடாவின் குடும்பம் பல தலைமுறைகளாக சாக்கே மது காய்ச்சும் குடும்பம். இவரோ இயற்பியல் படித்தவர். 1946 மே 7-ம் தேதி இருவரும் சுமார் 20 ஊழியர்களோடு, 1,90,000 யென் முதலீட்டில் கம்பெனியைப் பதிவு செய்தார்கள்.

ஆரம்ப முயற்சிகளில் ஒன்று மின்சார சோற்றுப் பானை. மரத்தொட்டியின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். ஈரமான அரிசி வழியாக மின்சாரம் பாயும், சூடாகும், அரிசி வேகும். தண்ணீர் வற்றியதும் மின்சாரம் தானாக நின்றுவிடும். கேட்க அருமையான யோசனை! ஆனால் அரிசியின் ரகத்தையும் தண்ணீரின் அளவையும் பொறுத்து ஒருநாள் குழைந்தது, ஒருநாள் அரைவேக்காடாக நின்றது. கடைசிவரை அது சந்தைக்குப் போகவில்லை.

அடுத்து வந்த மின்சார மெத்தை இருக்கை நன்றாக விற்றது. ஆனாலும் அதில் தங்கள் பெயரைப் போட அவர்களுக்கே கூச்சம். வேறொரு கம்பெனியின் பெயரில் விற்றார்கள்.

இதில் கற்றது என்ன? கையில் கிடைத்ததை எல்லாம் செய்து பிழைக்கலாம், ஆனால் அப்படிச் செய்தால் அறிவு ஒரு இடத்தில் சேராது. இன்று பானை, நாளை மெத்தை என்றால் எதிலும் ஆழம் வராது. தங்கள் பொறியாளர்களின் திறமை சேர்ந்துகொண்டே போகும்படியான ஒரு பொருள் வேண்டும் என்று இபுகா தேட ஆரம்பித்தார்.

வாணலியில் வறுத்த நாடா

அந்தப் பொருளை அவர் ஜப்பானிய வானொலி நிறுவனமான என்.எச்.கே.யில் பார்த்தார். அமெரிக்க டேப் ரெக்கார்டர் ஒன்று. இதைச் செய்வது என்று முடிவானது. கருவியின் மின்னணுப் பகுதியைச் செய்ய அவர்களுக்குத் தெரியும். நாடா செய்யத்தான் யாருக்கும் தெரியாது. ஜப்பானில் அப்போது நல்ல பிளாஸ்டிக்கும் இல்லை.

முதலில் செலஃபேன் தாளை வெட்டிப் பார்த்தார்கள். சில முறை ஓடியதுமே அது நீண்டுபோனது. பிறகு தடித்த கிராஃப்ட் காகிதத்துக்கு மாறினார்கள். காந்தப் பொடிக்கு என்ன செய்வது? நொபுதோஷி கிஹாரா என்ற இளம் பொறியாளர் மருந்து மொத்த வியாபாரியிடம் இருந்து ஃபெரஸ் ஆக்சலேட் என்ற மஞ்சள் பொடியை வாங்கிவந்தார். அதை வாணலியில் போட்டு வறுத்தார்கள். ஆமாம், சமையல் வாணலிதான்! பொடி பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும்; சரியான நிறம் வரும்போது இறக்கிவிட வேண்டும். அந்தப் பக்குவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்ததுதான். பிறகு அதை அரக்குச் சாயத்தில் குழைத்துத் தூரிகையால் காகித நாடாவில் பூசினார்கள்.

நம்மூரில் "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். அதற்கு நேர் எதிரான வழி இது. ஏடு இல்லாமலேயே சுரைக்காயை நட்டு வளர்த்தார்கள். இந்தப் பழக்கம்தான் சில ஆண்டுகள் கழித்து அவர்களைக் காப்பாற்றியது.

பழம்பொருள் கடையில் ஒரு பாடம்

1950-ல் முதல் டேப் ரெக்கார்டர் தயார். எடை மிக அதிகம், விலை சுமார் 1,60,000 யென். பார்த்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். குரல் திரும்பக் கேட்கிறதே என்று சிரித்தார்கள். யாரும் வாங்கவில்லை.

அந்தச் சமயம் மொரீடா ஒரு பழம்பொருள் கடையைக் கடந்து போனார். அங்கே ஒருவர் பழைய ஜாடி ஒன்றை டேப் ரெக்கார்டரைவிட அதிக விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மொரீடாவுக்கு அந்த ஜாடியால் எந்தப் பிரயோஜனமும் தெரியவில்லை. வாங்கியவருக்கு அதன் மதிப்பு தெரியும். அப்படியானால் டேப் ரெக்கார்டரின் மதிப்பு தெரிந்தவர் யார் என்று தேட வேண்டும் அல்லவா?

தேடினார்கள். போருக்குப் பிறகு நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர்களுக்குப் பற்றாக்குறை. உச்ச நீதிமன்றம் 20 கருவிகளை வாங்கியது. அடுத்து பள்ளிக்கூடங்கள். பள்ளிகளுக்கென்று சிறிய, விலை குறைந்த கருவியை 1951-ல் கொண்டுவந்தார்கள்.

உள்வாங்கும் திறன் என்றதும் தொழில்நுட்பத்தை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். யாருக்கு எது தேவை என்பதும் வெளியே இருக்கும் அறிவுதான். அதைக் கற்காத சின்ன நிறுவனம் நல்ல பொருளைக் கையில் வைத்துக்கொண்டே மூழ்கிவிடும்.

90 லட்சம் யென்னுக்கு ஒரு அனுமதிச் சீட்டு

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1952-ல் இபுகா அமெரிக்கா போனது டேப் ரெக்கார்டர் அங்கே எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்கத்தான். நியூயார்க்கில் இருந்தபோது, பெல் குழுமத்தின் தயாரிப்பு நிறுவனமான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் டிரான்சிஸ்டர் காப்புரிமையை மற்றவர்களுக்கும் கொடுக்கப்போகிறது என்று கேள்விப்பட்டார்.

இபுகாவின் கணக்கு விசித்திரமானது. நாடாவில் பெரிய சவால்கள் முடிந்துவிட்டன. கம்பெனியில் மூன்றில் ஒரு பங்குப் பேர் படித்த பொறியாளர்கள். இவர்களுக்கு அடுத்து என்ன வேலை கொடுப்பது? ஆட்களின் மூளைக்கு வேலை வேண்டும் என்பதற்காக டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுத்தார்.

1953-ல் மொரீடா அமெரிக்கா சென்று ஒப்பந்தத்துக்கு வழிசெய்தார். 25,000 டாலர் என்பது அன்றைய மாற்று விகிதத்தில், அதாவது டாலருக்கு 360 யென் வீதம், 90 லட்சம் யென். முதல் டேப் ரெக்கார்டர்களில் 56-ஐ விற்றால் வரும் முழுத்தொகை! டாலர் பற்றாக்குறையால் அந்நியச் செலாவணிக்கு அரசின் அனுமதி வேண்டும். வர்த்தகத் தொழில் அமைச்சகம் மாதக்கணக்கில் இழுத்தது. இவ்வளவு சின்ன கம்பெனியால் இதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகம். 1954 தொடக்கத்தில்தான் அனுமதி கிடைத்தது.

சந்தேகம் நியாயமானதுதான். ஜப்பானின் பெரிய மின் நிறுவனங்கள் சில, அமெரிக்காவின் ஆர்.சி.ஏ.வுடன் தொழில்நுட்ப உதவியும் சேர்த்து ஒப்பந்தம் செய்துகொண்டன. டோட்சூகோ வாங்கியது வெறும் காப்புரிமையை. அதாவது "நீ செய்தால் வழக்குப் போட மாட்டேன்" என்ற அனுமதி. எப்படிச் செய்வது என்பது அதில் இல்லை. அதோடு வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஆட்கள் ஓர் அறிவுரையும் சொன்னார்கள்: காது கேட்கும் கருவி செய்யுங்கள், ரேடியோ வேண்டாம். ரேடியோவுக்கு வேண்டிய உயர் அதிர்வெண்ணில் வேலை செய்யும் டிரான்சிஸ்டர் செய்வது அவ்வளவு கடினமாக இருந்த நேரம் அது.

இபுகா ரேடியோதான் என்றார்.

ஹோட்டல் அறையில் இருந்து கடிதங்கள்

டிரான்சிஸ்டர் திட்டத்துக்குத் தலைமை ஏற்க முன்வந்தவர் கசுவோ இவாமா. மொரீடாவின் தங்கை கணவர். படித்தது புவி இயற்பியல். 1954 ஜனவரியில் இபுகாவும் அவரும் அமெரிக்கா போனார்கள். இவாமா அங்கே சுமார் மூன்று மாதம் தங்கி, தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பார்த்தார். கேள்வி கேட்டார். பார்த்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, இரவு ஹோட்டல் அறைக்கு வந்து எழுதினார். உலைகளின் அமைப்பு, குழாய்களின் போக்கு, அளவுகள் என்று கையால் வரைந்த படங்களோடு கடிதங்கள் டோக்கியோவுக்கு விமானத் தபாலில் பறந்தன. "இவாமா அறிக்கை" என்ற பெயரில் இவை பின்னாளில் கோப்புகளாகத் தொகுக்கப்பட்டன.

டோக்கியோவில் ஒரு சிறிய குழு அந்தக் கடிதங்களுக்காகக் காத்திருந்தது. கடிதம் வந்ததும் படிப்பார்கள். பெல் ஆராய்ச்சிக்கூடம் வெளியிட்ட டிரான்சிஸ்டர் நூலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஜெர்மானியத்தைச் சுத்திகரிக்கும் உலையை, அதை மெல்லிய துண்டுகளாக அறுக்கும் எந்திரத்தைத் தாங்களே செய்து பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் பதில் கடிதத்தில் கேட்பார்கள். அடுத்த தொழிற்சாலையில் இவாமா அதைக் கவனித்து எழுதுவார். அவர் ஊர் திரும்புவதற்குள்ளாகவே டோக்கியோவில் முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்தது!

கோஹெனும் லெவின்தாலும் சொல்லும் ஒரு விஷயம் இங்கே பொருந்துகிறது. வெளி உலகத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே அறிவைக் கொண்டுவந்து சேர்க்கும் "வாசல்காரர்" ஒருவர் வேண்டும். ஆனால் அவர் மட்டும் புத்திசாலியாக இருந்தால் போதாது, உள்ளே இருப்பவர்களுக்கும் புரிய வேண்டும். இவாமாவின் கடிதங்கள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தால் அவை வெறும் காகிதம். வாணலியில் பொடி வறுத்துப் பழகிய கைகளுக்கு வந்ததால் அவை உலைகளாக மாறின.

சின்ன நிறுவனத்துக்கு இங்கே ஒரு வசதியும் உண்டு. கடிதம் துறை துறையாகச் சுற்ற வேண்டியதில்லை. படிப்பவரும், செய்பவரும், முடிவெடுப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

நூற்றுக்கு ஐந்து

செய்ய முடிந்தது என்பது வேறு, விற்க முடிவது என்பது வேறு. ஆரம்பத்தில் நூறு டிரான்சிஸ்டர் செய்தால் ஐந்துதான் ரேடியோவுக்குத் தேறின. இவர்களின் முதல் விற்பனை ரேடியோவான டி.ஆர்.55-க்கு ஐந்து டிரான்சிஸ்டர் வேண்டும். அந்த விகிதத்தில் நூறு டிரான்சிஸ்டருக்கு ஒரே ஒரு ரேடியோ! எந்தக் கணக்காளரும் இதை மூடிவிடுங்கள் என்றுதான் சொல்வார்.

இபுகா வேறு மாதிரி பார்த்தார். ஐந்து தேறுகிறது என்றால் முடியும் என்று அர்த்தம், ஏன் மற்றவை கெடுகின்றன என்று கண்டுபிடித்தால் விகிதம் ஏறும் என்றார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஐந்து பத்தானால் ஒரு நல்ல டிரான்சிஸ்டரின் அடக்கவிலை பாதியாகும். ஐம்பதானால் பத்தில் ஒரு பங்காகும். கற்றல் நேராக அடக்கவிலையில் தெரியும் தொழில் இது.

அதுவரை நஷ்டத்தை யார் தாங்குவது? டேப் ரெக்கார்டர் வருமானம்தான். பழைய பாடம் புதிய பாடத்துக்கு ஃபீஸ் கட்டியது.

இதற்கிடையே 1954 அக்டோபரில் அமெரிக்காவில் ரீஜென்சி டி.ஆர்.1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ அறிவிக்கப்பட்டது. விலை 49.95 டாலர். "உலகில் முதல்" என்ற பெயர் கைநழுவியது. ஆனால் அந்த ரேடியோவில் டிரான்சிஸ்டர் ஒரு கம்பெனியுடையது, ரேடியோ இன்னொரு கம்பெனியுடையது. டோட்சூகோவிலோ இரண்டு அறிவும் ஒரே இடத்தில் வளர்ந்தன. 1955 ஆகஸ்டில் டி.ஆர்.55 விற்பனைக்கு வந்தது, விலை 18,900 யென். 1957 மார்ச்சில் சட்டைப் பையில் போடும் ரேடியோ என்று டி.ஆர்.63 வந்தது. உண்மையில் அது சாதாரண சட்டைப் பையைவிடக் கொஞ்சம் பெரியது. அதனால் விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக்கொடுத்தார்கள்!

குருவை மிஞ்சிய இடம்

இன்னும் உயர்ந்த அதிர்வெண்ணுக்காக ஜெர்மானியத்தில் எதைக் கலக்கலாம் என்று தேடியபோது, இவாமாவின் குழு பாஸ்பரஸைக் கையில் எடுத்தது. பெல் ஆராய்ச்சிக்கூடம் அதை முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தது. இவர்கள் விடாமல் முயன்று வெற்றி பெற்றார்கள். பாஸ்பரஸ் அளவு அதிகமானால் ஏன் கெடுகிறது என்பதை ஆராய, 1956-ல் சேர்ந்த லியோ எசாகி என்ற இயற்பியலாளர் சோதனைகள் செய்தார். 1957-ல் அவர் கண்டது யாரும் எதிர்பாராதது. அந்த டையோடில் மின்னழுத்தம் கூடும்போது ஓரிடத்தில் மின்னோட்டம் குறைந்தது. எலெக்ட்ரான்கள் தடையைத் துளைத்துக்கொண்டு போகும் "டன்னலிங்" விளைவு அது. 1973-ல் எசாகிக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தொழிற்சாலையில் கெட்டுப்போகும் டிரான்சிஸ்டர்களுக்குக் காரணம் தேடிய வேலையில் இருந்து ஒரு நோபல்!

கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவது?

இந்தக் கதையைப் படித்துவிட்டு, கற்றுக்கொண்டால் எந்தச் சிறுதொழிலும் சோனி ஆகிவிடும் என்று முடிவு கட்டினால் அது தவறு. மொரீடாவின் தந்தை நெருக்கடியில் பணம் கொடுத்து உதவினார். போர் முடிந்ததால் திறமையான பொறியாளர்கள் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். காப்புரிமையைப் பெல் வெளியே கொடுத்ததும் அதிர்ஷ்டம்தான். நூற்றுக்கு ஐந்து இன்னும் ஓராண்டு நீடித்திருந்தால் கம்பெனி என்னவாகியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? பெரிய நிறுவனம் ஒரு தவறான பாடத்தைத் தாங்கும். சின்ன நிறுவனத்தில் அது எல்லோரின் சம்பளத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஆனால் அதிர்ஷ்டம் எல்லாம் வாய்த்த மற்றவர்களும் இருந்தார்களே! அதே உரிமத்தைப் பணம் கொடுத்து வாங்கிய கம்பெனிகள் பல. 25,000 டாலரை எல்லோரும் செலவுப் பக்கத்தில் எழுதினார்கள். வாணலி, கெட்டுப்போன சோறு, நீண்டுபோன செலஃபேன், விற்காத கனமான பெட்டி, தேறாத 95 டிரான்சிஸ்டர்... இவற்றை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நஷ்டக் கணக்கில்தான் எழுத முடியும். அதற்கு ஈடாகச் சேர்ந்த சொத்து ஆட்களின் கையிலும் மூளையிலும் இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் அதற்கு வரி கிடையாது.

இவாமா 1976-ல் சோனியின் தலைவரானார். பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1969-ல் பிறந்த சி.சி.டி. என்ற பட உணர்வியைத் தயாரிப்புக்குக் கொண்டுவர அவர் மறுபடியும் அதே வழியில் பாடுபட்டார். நஷ்டம், தேறாத சில்லுகள், காரணம் தேடுதல் எல்லாம் மறுபடியும். 1982-ல் அவர் இறந்தபோது அது இன்னும் பெரிய லாபம் தரவில்லை. பின்னால் வெற்றி வந்தபோது, அவருடைய கல்லறைக் கல்லில் ஒரு சி.சி.டி.யைப் பதித்தார்கள்.

ஒரு சிறுதொழிலின் எதிர்காலத்தை மதிப்பிட லாப நஷ்டக் கணக்கைப் பாருங்கள், தவறில்லை. அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: போன வருடம் இங்கே கெட்டுப்போனது என்ன, ஏன் கெட்டது என்று இங்கே யாருக்குத் தெரியும்?